சேசிஸுக்கு உள்ளேயும் மெழுகு அடித்த கதை

பழைய வண்டி வாங்கும்போது குனிந்து அடியைப் பார்ப்போம். எல்லாம் கறுப்பாக, ஒரே சீராக, புதுசு போல இருந்தால் திருப்தியாக எழுந்துவிடுவோம். அந்தக் கறுப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது என் கட்சி. என்னிடம் வந்த வண்டியும் அப்படித்தான் இருந்தது. லேடர் சேசிஸ், அதாவது உள்ளே காலியான இரும்புக் குழாய்களாலான ஏணி வடிவச் சட்டம், அதன் மேல் பாடியை போல்ட் போட்டு உட்கார வைத்த பழைய வகை, கீழே முழுக்க யாரோ தார் கலந்த ரப்பர் கோட்டிங்கைத் தாராளமாக அடித்திருந்தார்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனால் முக்கால்வாசி இடத்தில் 'டிங்' என்று சத்தம் வந்தது, பின் சக்கரத்துக்கு மேலே சேசிஸ் வளைகிற இடத்தில் மட்டும் 'தொப்'. அங்கே முனையைக் கொடுத்து நெம்பினேன், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை அப்படியே கழன்று கையோடு வந்துவிட்டது. வெளிப்பக்கம் நல்ல கறுப்பு, உள்பக்கம் ஈரமான ஆரஞ்சுப் பொடி, தகட்டின் மேல் செதில் செதிலாகத் துரு. வண்டி மழையில் நனைந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தும் அந்த இடம் காயவே இல்லை.

இதற்கு அடித்தவரைக் குறை சொல்வதைவிட அந்தக் கோட்டிங்கின் குணத்தைப் புரிந்துகொள்வது நல்லது. தார் வகை கோட்டிங் சுத்தமான தகட்டில் நன்றாகவே பிடிக்கும், கல் தெறித்தால் தாங்கும், சாலைச் சத்தத்தையும் கொஞ்சம் குறைக்கும். ஆனால் வருடங்கள் போகப் போக அது இறுகும், இறுகினால் வெடிக்கும், தலைமுடி அளவு விரிசல் போதும் தண்ணீர் உள்ளே போக. உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் கோட்டிங்கை உள்ளிருந்தே தூக்கிவிடும், தூக்கினால் இடைவெளி பெரிதாகும், இன்னும் தண்ணீர். வெளியே இருந்து பார்ப்பவருக்குக் கடைசி வரை கறுப்புதான் தெரியும்.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும், ஏனென்றால் உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், போதாததற்கு குளோரைடு இரும்பின் மேல் காப்புப் படலம் எதையும் நிலைக்கவும் விடாது. கடலோரக் காற்றில் வருவதும் உப்புதான், பனி உருகச் சாலையில் கொட்டுவதும் உப்புதான். சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் ஈரத்தை இழுத்துக் கரையும். சாலையில் போடும் கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் 30 சொச்சத்திலேயே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தாமாகக் கரைந்துவிடும். வண்டி கூரைக்கடியில் பத்திரமாக நின்றாலும் இடுக்கில் உள்ள அழுக்கு நனைந்தே இருப்பது இதனால்தான்.

இன்னொன்று, பலரும் தலைகீழாக நினைத்துக்கொண்டிருப்பது. இரும்பு அரிபடுவது ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் இல்லை, குறைவாகக் கிடைக்கும் இடத்தில். கேம்பிரிட்ஜில் ஊலிக் எவன்ஸ் என்ற அரிமான ஆராய்ச்சியாளர் 1920களில் ஆராய்ந்து காட்டிய சங்கதி இது, ஒரு சொட்டு உப்புத் தண்ணீரை வைத்தே பார்க்கலாம். கழற்றிப் போட்ட பிராக்கெட் ஒன்றை உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்து நடுவில் ஒரு பெரிய சொட்டு விட்டு மூடி வைத்தேன். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் சொட்டுக்குள் ஒரு பழுப்பு வளையம். துடைத்தபோது சொட்டின் ஓரம் காற்றுப் பட்டதால் இன்னும் பளபளவென்று இருந்தது, நடுப்பகுதிதான் சாம்பல் நிறத்தில் மங்கி, நகத்தால் தடவினால் சொரசொரவென்று தட்டுப்பட்டது. துரு படிந்த இடம் வேறு, இரும்பு கரைந்த இடம் வேறு. வீல் ஆர்ச் எனப்படும் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் மடிப்பில் அப்பிய சேறு, இரண்டு தகடு சேர்கிற ஸ்பாட் வெல்டிங் இடுக்கு, பாதி கழன்ற கோட்டிங்கின் அடிப்பகுதி, எல்லாமே அந்தச் சொட்டின் நடுப்பகுதிதான்.

சரி, எதைப் பூசுவது? கடையில் அடுக்கி வைத்திருக்கும் டப்பாக்களை குணத்தை வைத்துப் பிரித்தால் குழப்பம் போய்விடும். காய்ந்து கெட்டியாகிறவை ஒரு பக்கம்: தார்–ரப்பர் கோட்டிங், பாலியூரித்தேன், பிஓஆர்-15 மாதிரியான சேசிஸ் பெயின்ட்கள். மெழுகு வகை நடுவில், டினிட்ரால், டெக்டில், வாக்ஸ்ஆயில் எல்லாம் இந்தக் குடும்பம். மேலே தோல் போல இறுகினாலும் உள்ளே கொஞ்சம் நெகிழ்ந்தே இருக்கும். மறுபக்கம் காயவே காயாதவை, ஆட்டு ரோமத்துக் கொழுப்பான லானோலினில் செய்த ஃப்ளூயிட் ஃபில்ம் வகையும் க்ரௌன் போன்ற எண்ணெய் வகையும். காயாதவை இடுக்குகளுக்குள் தாமே ஊர்ந்து போகும், கீறல் விழுந்தால் பக்கத்திலிருந்து வழிந்து ஓரளவு மூடிக்கொள்ளும், ஆனால் சக்கரம் தண்ணீரை வாரி அடிக்கும் இடங்களில் கழுவிக்கொண்டு போய்விடும், வருடா வருடம் திரும்ப அடிக்க வேண்டும். கெட்டியானவை வருடக்கணக்கில் நிற்கும், ஆனால் அடியில் துரு மிச்சமிருந்தால் அதற்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

என் முடிவு இதுதான்: தகடு வெள்ளையாகத் தெரியும்வரை சுத்தம் செய்ய முடிந்த இடத்தில் மட்டும் கெட்டிப் பூச்சு, கை போகாத இடத்திலும் சந்தேகம் இருக்கும் இடத்திலும் காயாத பூச்சு. சேசிஸ் குழாய்க்கு உள்ளே மெழுகு. ஒரே டப்பாவால் மொத்த வண்டியையும் முடித்துவிடலாம் என்று சொல்கிற விளம்பரத்தை நான் நம்புவதில்லை. அதேபோல பேட்டரியில் மாட்டினால் துருவே வராது என்று விற்கும் எலக்ட்ரானிக் பெட்டியையும். கப்பலுக்கும் மண்ணுக்கடியில் போகும் குழாய்க்கும் மின்சாரத்தால் துருவைத் தடுக்கும் முறை வேலை செய்கிறது, காரணம் அவற்றைச் சுற்றிலும் தொடர்ச்சியாகக் கடல் நீரோ ஈர மண்ணோ இருக்கிறது. காற்றில் நிற்கும் வண்டிக்கு அந்தச் சுற்று முழுமையாவதே இல்லை.

பழைய எஞ்சின் ஆயிலை அடித்துவிடச் சொல்லும் வைத்தியமும் எல்லா இடத்திலும் உண்டு. வேண்டாம். எரிந்த ஆயிலில் அமிலமும் உலோகத் துகளும் சேர்ந்திருக்கும், ரப்பர் புஷ்களை ஊற வைத்துக் கெடுக்கும், மிச்சம் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்கும்.

வேலைக்கு வருவோம். நான்கு ஜாக் ஸ்டாண்டும் சமதளத்தில், சேசிஸ் குழாய்க்கு அடியில். ஜாக் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு இல்லை. ஏற்றிய பிறகு வண்டியைப் பிடித்து நன்றாக உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே படுக்க வேண்டும். கண்ணாடி, கையுறை, துருத்தூசிக்கு நல்ல மாஸ்க், அப்புறம் ஸ்ப்ரே அடிக்கும்போது கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க். வெளிச்சத்துக்கு எல்இடி மட்டும். ஹாலஜன் விளக்கு சூட்டில் கொதிக்கும், தின்னர் ஆவியோ காற்றைவிடக் கனமானது, நாம் படுத்திருக்கும் தரையிலேயே வந்து தேங்கும்.

சக்கரங்களைக் கழற்றி வீல் ஆர்ச் லைனர்களை எடுத்ததும் உள்ளே மக்கிய இலையும் சேறும் குவியல். முதலில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவல், பிறகு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டிகிரீசர், மறுபடி தண்ணீர். பழைய கோட்டிங்கைக் கம்பி பிரஷ் போட்ட கிரைண்டரால் எடுக்கப் பார்த்தால் அது சூடாகி இளகிப் பசையாக நாலாபுறமும் தெறிக்கும். ஹீட் கன்னால் மெதுவாக இளக்கி ஸ்கிரேப்பரால் சுரண்டினால் பட்டை பட்டையாக வருகிறது. ரொம்பச் சூடாக்கினால் உருகி வழியும், இதமான சூடு போதும். பெட்ரோல் டேங்க், எரிபொருள் குழாய் பக்கத்தில் ஹீட் கன் போகவே கூடாது, அங்கே வெறும் ஸ்கிரேப்பரும் பொறுமையும்தான். நன்றாகப் பிடித்திருந்த இடங்களில் கோட்டிங்கை நான் தொடவில்லை. தட்டினால் 'டிங்' கேட்கிறதா, ஓரத்தில் நெம்பினால் அடியில் கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்கிறதா, விட்டுவிட வேண்டியதுதான். ஓரத்தை மட்டும் உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்தேன்.

துருவை எடுப்பதில் கம்பி பிரஷை முழுதாக நம்ப முடியாது. அது துருவை எடுப்பதோடு பாலிஷும் போட்டுவிடும். பார்த்தால் கரும்பழுப்பில் மினுமினுவென்று இரும்பு மாதிரியே இருக்கும், குழிகளுக்குள் துரு அப்படியே இருக்கும். தடித்த செதில்களை முதலில் சுத்தியால் தட்டி உதிர்த்துவிட்டு, நீடில் ஸ்கேலர் என்ற, ஊசிக் கட்டால் வேகமாகக் கொத்தும் கருவியை வைத்துக் கொத்திய பிறகுதான் குழிகளின் அடி தெரிந்தது. அதன் பின் நல்ல தண்ணீரால் கழுவி, உடனே காற்றடித்துக் காயவைத்து, கொஞ்ச நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். எல்லா இடமும் லேசாக மங்கினால் பரவாயில்லை. சில குழிகளில் மட்டும் ஊசிமுனை போலப் பழுப்புப் புள்ளிகள் துளிர்த்தால் அங்கே உப்பு இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், திரும்பக் கழுவு, திரும்பக் கொத்து. இந்த உப்பை விட்டுவிட்டு மேலே பெயின்ட் அடித்தால் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட்டானாலும் கொப்புளம் விடும். மொத்த வேலையில் அலுப்பான பகுதி இதுதான், கோட்டிங்கின் ஆயுளைத் தீர்மானிப்பதும் இதுதான்.

கொத்தும்போது தகடு எவ்வளவு மிச்சம் என்பதும் தெரிந்துவிடும். கூர்முனைக் கம்பியால் அழுத்திக் குத்தினால் உள்ளே இறங்குகிறதா, அது வெல்டிங் வேலை, பூச்சு வேலை இல்லை. சேசிஸிலும் சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களிலும் ஓட்டை விழுந்தால் பட்டி வைத்து மூடி மேலே கறுப்படிப்பது ஆளைக் கொல்லும் வேலை. எனக்கு அந்த வளைவில் குழிகள் இருந்தன, கம்பி இறங்கவில்லை.

ரஸ்ட் கன்வர்ட்டர் பற்றி ஒரு வார்த்தை. பாஸ்பாரிக் அமிலம் உள்ளது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும், டானிக் அமிலம் உள்ளது நீலக்கறுப்பு டானேட்டாக மாற்றும். இரண்டுமே தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய துருவுக்குத்தான். செதில் மேல் ஊற்றினால் மேல்தோல் மட்டும் கறுக்கும், அடியில் ஒன்றும் நடக்காது. குழிகளின் அடியில் மட்டும் பிரஷால் தேய்த்து, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, பாஸ்பாரிக் வகை என்பதால் மிச்ச அமிலத்தைக் கழுவித் துடைத்தேன். துத்தநாகம் அதிகமுள்ள ஜிங்க் பிரைமர் வேறு கதை, அது வெறும் இரும்பைத் தொட்டால்தான் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும், துருவின் மேலோ கன்வர்ட்டரின் மேலோ அடித்தால் சும்மா சாம்பல் பெயின்ட். எனக்குக் குழிகள் இருந்ததால் அதை விட்டுவிட்டு இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமர் போட்டேன். பலரும் கை வைக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் மட்டும் போதாது, அதன் வழியாக ஈரம் மெதுவாக இறங்கும், மேலே இன்னொரு பூச்சு கட்டாயம் வேண்டும்.

பிரைமர் காய்கிற நேரத்தில் மறைப்பு வேலை. டிஸ்க், காலிப்பர், டிரம் எல்லாம் பிளாஸ்டிக் பையில் சுற்றி டேப் போட வேண்டும். சைலன்சர் குழாய், கேட்டலிடிக் கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், ஏபிஎஸ் சென்சார், ஆக்சில் பிரீதர், டேங்க் வென்ட் குழாய், டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் பூட், ஆயில் டிரெயின் போல்ட் எதிலும் பூச்சு படக் கூடாது. சைலன்சருக்கு அலுமினியத் தாள் சுற்றினேன், அப்படியும் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் புகை வாசனை வரும். பிரேக் பைப்களின் கிளிப்பை ஒவ்வொன்றாக விடுவித்துப் பார்க்க வேண்டும், அந்தக் கிளிப்புக்கு அடியில்தான் சேறு தங்கி பைப் அரித்திருக்கும். எனக்கு ஒரு இடத்தில் பைப் குழிவிழுந்திருந்தது. அதைத் தேய்த்துப் பூசி ஏமாற்றாமல் செம்பு–நிக்கல் பைப் போட்டு மாற்றியாயிற்று, துருவே ஏறாது, கையாலேயே வளைக்கலாம்.

வெளிப்பூச்சு சுருக்கமாகச் சொல்லலாம். முன் சக்கரங்களுக்குப் பின்னால் கல் வந்து அறையும் பகுதியிலும் வீல் ஆர்ச்சிலும் எபாக்சிக்கு மேல் பாலியூரித்தேன் கல்தாங்கிப் பூச்சு. மீதி அடிப்பகுதி முழுக்கக் கறுப்பு மெழுகு, ஷூட்ஸ் கன் எனப்படும் அண்டர்கோட்டிங் துப்பாக்கியில். மெழுகு டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிச் சீராக வரும், அடுப்பிலோ நெருப்பிலோ காட்டுவதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். ஒரே தடவையில் தடிமனாக அடித்தால் மேல்தோல் மூடிக் கரைப்பான் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், மெல்லிசாக இரண்டு தடவை அடிப்பதே சரி. மெழுகையும் எண்ணெய் வகையையும் ஒரே இடத்தில் கலக்கக் கூடாது, எண்ணெய்ப் படலத்தின் மேல் மெழுகு பிடிக்காது, தார் கோட்டிங்கின் மேல் எண்ணெய் பட்டால் அது ஊறி இளகும்.

இனிமேல்தான் நான் முக்கியமாக நினைக்கும் வேலை. சேசிஸ் குழாயும் கதவுக்குக் கீழே இருக்கும் சில்லும் உள்ளே காலியானவை, அவை வெளியிலிருந்து உளுத்துப்போவதைவிட உள்ளிருந்து உளுத்துப்போவதே அதிகம். அமெரிக்காவில் டொயோட்டா டகோமா, டன்ட்ரா, செகோயா வண்டிகளின் சேசிஸ் துரு பற்றிய கூட்டு வழக்கு 2016இல் சமரசத்துக்கு வந்தபோது, கம்பெனி வண்டிகளைச் சோதித்து, மோசமானவற்றுக்குச் சேசிஸையே மாற்றித் தர ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வெளியே எவ்வளவு அழகாகப் பூசினாலும் இந்தக் குழாய்க்குள் ஒரு சொட்டு கூடப் போகாது.

என்டோஸ்கோப் கேமராவை ஓட்டைகள் வழியாக விட்டுப் பார்த்தேன். அடிப்பரப்பில் காய்ந்த சேறு, அதன் ஓரமெல்லாம் பழுப்பு, குழாயின் மேல் பாதி கம்பெனி பெயின்ட்டோடு நன்றாகவே இருந்தது. வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே குழாய் விட்டுக் கழுவினேன், கலங்கல் நின்று தெளிந்த தண்ணீர் வரும்வரை. காய வைக்க ஒரு முனையில் ஃபேன் வைத்து ராத்திரி முழுக்க ஓட விட்டேன். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் மெழுகு அடித்தால் தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

கேவிட்டி மெழுகு, அதாவது இப்படி உள்ளே காலியான இடங்களுக்கான மெழுகு, அடிக்க நீள நைலான் குழாய், முனையில் சுற்றிலும் பீய்ச்சும் நாசில். குழாயைக் கடைசி வரை உள்ளே தள்ளிவிட்டு, விசையை அழுத்தியபடி மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். பக்கத்து ஓட்டைகளிலிருந்து புகை மாதிரி மெழுகு மூட்டம் வந்தால் அந்த அறை நிரம்பிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம், வராவிட்டால் நடுவில் தடுப்புத் தகடு இருக்கிறது, வேறு ஓட்டை வழியாகப் போக வேண்டும். இருக்கும் ஓட்டைகளே பெரும்பாலும் போதும். புதுசாகத் துளை போட்டால் அந்த வெட்டு விளிம்பிலேயே அடுத்த துரு ஆரம்பிக்கும். கதவுகளின் அடிமடிப்பு, பின்கதவின் உள்பக்கம், வீல் ஆர்ச்சும் பாடியும் சேரும் இடம், இவற்றுக்கும் அதே குழாய்தான். அடித்து முடித்தபின் அட்டை விரித்துச் சொட்ட விட்டு, சொட்டுவது நின்றதும் வடிகால் ஓட்டைகளை மறுபடி ஒவ்வொன்றாகக் கம்பியால் குத்திவிட வேண்டும். மெழுகே அடைப்பாகிவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளேயே தேங்கும்.

புது வண்டிக்கு இதெல்லாம் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: தகட்டைத் தேய்க்க வேண்டாம். இன்றைய பாடிகளில் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய தகடு, அதன் மேல் பாஸ்பேட், அதன் மேல் மொத்த பாடியையும் தொட்டியில் முக்கி மின்சாரத்தால் படிய வைத்த பிரைமர். போர்ஷே 911 எழுபதுகளின் நடுவிலேயே துத்தநாகத் தகட்டுக்குப் போய்விட்டது, ஆடி 100 எண்பதுகளின் நடுவில். அந்தத் துத்தநாகத்தை கிரைண்டரால் எடுத்துவிட்டு டப்பாப் பூச்சு அடிப்பது நஷ்டம். புது வண்டிக்குக் கேவிட்டி மெழுகும், போல்ட், பிராக்கெட், வெல்டிங் ஓரங்களில் கொஞ்சம் லானோலினும் தாராளம். விற்பனையின்போது சேர்த்துத் தள்ளிவிடும் தடித்த ரப்பர் கோட்டிங்கை நான் வாங்க மாட்டேன், வடிகால் ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். துரு வாரன்டி இருக்கிறதே என்பவர்கள் அந்தத் தாளை ஒருமுறை படித்துப் பார்க்கலாம், பெரும்பாலும் தகட்டில் ஓட்டையே விழுந்தால்தான் அது பேசும்.

அடித்த பிறகு ஒரு மழைக்காலம் போய்விட்டது. ஆர்ச்சில் பாலியூரித்தேன் அப்படியே இருக்கிறது. ஸ்பிரிங்கைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளிலும் பிராக்கெட்டிலும் போட்ட லானோலின், சக்கரம் தண்ணீர் அடிக்கும் பக்கம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது, துடைத்துவிட்டுத் திரும்ப அடித்தேன். பின் ஆக்சிலுக்கு மேலே மெழுகில் கல் பட்ட இடங்களில் பிரஷால் ஒட்டுப்போட்டேன், மெழுகின் வசதியே அதுதான், பழசோடு புதுசு கரைந்து ஒன்றாகிவிடும். முன்பு 'தொப்' என்ற வளைவில் குழிகளுக்கு நடுவே ஒரு கடுகளவு பழுப்பு வெளியே வந்திருக்கிறது. மெழுகைத் துடைத்து, நீடில் ஸ்கேலரால் அந்த இடத்தை மட்டும் இன்னும் ஆழமாகக் கொத்தி, கழுவி, எபாக்சி தொட்டு வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அங்கே கறுப்பு மெழுகு இல்லை, நிறமில்லாத மெழுகுதான், குனிந்தாலே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியட்டும் என்று. வண்டியைக் கழுவும்போது மெழுகு இருக்கும் இடங்களில் நாசிலைக் கிட்டே கொண்டுபோகாமல் தூரத்திலிருந்தே தண்ணீர் விடுகிறேன், உப்பும் சேறும் போனால் போதும். அடுத்த கழுவலோடு என்டோஸ்கோப்பைச் சில்லுக்குள்ளும் விட்டுப் பார்க்க வேண்டும், இடது பக்கத்து வடிகால் ஓட்டை ஒன்று மெதுவாகச் சொட்டுகிறது.